பற்றரி வாங்குமுன் அல்ரனேற்றரைப் பாருங்கள்

காலபோக உழவு தொடங்கும் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் கிராமங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "மிசின் நேற்றுவரை நல்லாத்தான் ஓடினது. இண்டைக்கு விடிய ஸ்ராட் எடுக்குதில்லை. பற்றரி போட்டுது போல." மழை தொடங்கிவிட்டது, வயல் காத்திருக்கிறது. எனவே கடன்பட்டோ நகையை ஈடுவைத்தோ புதிய பற்றரி வாங்கப்படுகிறது. இரண்டு கிழமை நன்றாக ஓடும். பின்னர் புதிய பற்றரியும் அதே கதைக்கு வரும். கடைக்காரர் மீது கோபம் எழும். ஆனால் அநேகமான வேளைகளில் கடைக்காரரிலும் பிழையில்லை, பற்றரியிலும் பிழையில்லை. பற்றரிக்குத் திரும்பவும் மின்னை ஏற்றவேண்டிய அல்ரனேற்றர் வேலைசெய்யாமல் இருந்திருக்கிறது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. பெற்றோல் காரில் மின் இல்லையென்றால் எஞ்சின் நின்றுவிடும். எமது பழைய டீசல் உழவு இயந்திரங்கள் அப்படியானவை அல்ல. மசி பேர்கசன் 35, 1964 இல் அறிமுகமான 135, பின்னர் வந்த 240 ஆகியவற்றில் எரிபொருளைச் செலுத்தும் பம்பி எஞ்சினாலேயே சுற்றப்படுகிறது. ஒருமுறை ஸ்ராட் எடுத்துவிட்டால் பற்றரியைக் கழற்றி வைத்தாலும் எஞ்சின் ஓடும் (அப்படிச் செய்யக்கூடாது, அதைப் பின்னர் சொல்கிறேன்). ஆகவே அல்ரனேற்றர் செத்து ஒரு மாதம் ஆனாலும் இயந்திரம் பகல் முழுவதும் உழும். நேற்றுவரை நன்றாக ஓடியது என்பது அல்ரனேற்றருக்கு நற்சான்றிதழ் ஆகாது.

சைக்கிள் டைனமோவிலிருந்து தொடங்குவோம்

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் ரோச் பற்றரியும் இல்லை. அந்நாளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் எமது வாசகர்களில் பலர் இருப்பீர்கள். அந்தச் சிறிய குப்பிக்குள் நடப்பதே உழவு இயந்திரத்திலும் நடக்கிறது. உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் அசையாமல் நிற்கிறது. காந்தம் சுழலச் சுழலச் சுருளில் மின் பிறக்கிறது. அம்மின் ஒரு திசையில் ஓடுவதில்லை, முன்னும் பின்னுமாக ஆடுகிறது. பாடசாலைப் பிள்ளைகள் இதனை ஆடலோட்டம் என்று படிப்பார்கள். பல்ப்புக்கு அது போதும். வானொலிக்கு நேரோட்டம் வேண்டும் என்பதால் நடுவில் டயோட்டுகள் வைக்கவேண்டும். டயோட் என்பது மின்னை ஒரு பக்கம் மாத்திரம் போகவிடும் கதவு. பிள்ளைகளின் புத்தகத்தில் இதற்கு இருவாயி என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் டைனமோ என்று அழைத்த அந்தச் சைக்கிள் குப்பி உண்மையில் ஒரு சிறிய அல்ரனேற்றர்தான். உண்மையான டைனமோ பழைய உழவு இயந்திரங்களில் இருந்தது. அதில் காந்தம் வெளியே நிற்க, மின் பிறக்கும் சுருள் உள்ளே சுழலும். பிறக்கும் மின் முழுவதும் இரண்டு காபன் பிறஷ்கள் வழியாகவே வெளியே வரவேண்டும். அதனால் பிறஷும் அது உரசும் செம்பும் விரைவில் தேயும். மெதுவோட்டத்தில் டைனமோ பற்றரிக்கு ஒன்றும் கொடுப்பதில்லை.

அல்ரனேற்றரில் இது தலைகீழ். மின் பிறக்கும் சுருள் வெளியே அசையாமல் இருக்கிறது. உள்ளே சுழலும் றோட்டர் ஒரு மின்காந்தம். அந்தக் காந்தத்தை உயிர்ப்பிக்க இரண்டு மூன்று அம்பியர் போதும். அந்தச் சிறிய மின் மட்டுமே பிறஷ்கள் வழியாகப் போகிறது. வெளியே வரும் பெரிய மின்னுக்கு உரசும் பாகம் எதுவும் இல்லை. அதனால்தான் அல்ரனேற்றர் நெடுநாள் உழைக்கிறது. பழுதாகும்போதும் அதிகமாகப் பழுதாவது மலிவான பிறஷ்களே.

எவ்வளவு மின் வேண்டும் என்பதைக் கணக்காகப் பாருங்கள். சிறிய லூக்காஸ் டைனமோ ஒன்று நல்ல வேகத்தில் 11 அம்பியர் தரும். இரண்டு பெரிய முன்விளக்குகள் 8 அம்பியர் அளவில் எடுத்துவிடும். இரவு உழவுக்குப் பின்விளக்கும் போட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. லூக்காஸ் 15 ஏசிஆர் என்ற அல்ரனேற்றர் 28 அம்பியர் தரும், 17 ஏசிஆர் 36 அம்பியர் தரும். இனி, அல்ரனேற்றர் செத்திருக்கிறது, 80 அம்பியர் மணி பற்றரி இருக்கிறது என்று வையுங்கள். விளக்குகளைப் போட்டு ஐந்து மணிநேரம் உழுதால் பற்றரியில் பாதி போய்விட்டது. அடுத்த இரவும் உழுதால் விடியக்காலை ஸ்ராட் எடுக்காது. பகலில் மட்டும் உழுபவருக்கோ ஸ்ராட் எடுப்பதற்கு மாத்திரமே மின் செலவாகும். அவருடைய பற்றரி பல நாள் தாக்குப்பிடிக்கும். ஒரே பழுது ஒருவருக்கு இரண்டு நாளிலும் மற்றவருக்கு இரண்டு கிழமையிலும் தெரிவது இதனால்தான். மின் இறங்கிய பற்றரியை அப்படியே கிடக்கவிட்டால் அதன் ஈயத் தட்டுகளில் சல்பேற் படிந்து இறுகும். பிறகு அல்ரனேற்றரைத் திருத்தினாலும் அந்தப் பற்றரி மீளாது.

சிவப்பு விளக்கு சொல்வதைக் கேளுங்கள்

மீற்றர்ப் பலகையில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு உண்டு. பல இயந்திரங்களில் அது எரிந்துபோய்க் கிடக்கிறது, அல்லது அதன் வயரையே வெட்டிவிட்டிருக்கிறார்கள். "அது சும்மா காட்டுறதுக்குத்தானே" என்பார்கள். இது தவறான எண்ணம். றோட்டர் மின்காந்தமாக மாறுவதற்கு முதல் மின் அந்த விளக்கு வழியாகத்தான் போகிறது. விளக்கு இல்லையென்றால் காந்தம் எழும்பாது, காந்தம் இல்லையென்றால் மின் இல்லை. நல்ல அல்ரனேற்றர் ஒன்று 2.2 வாற் பல்ப் ஒன்று இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதுண்டு. வேறு எதையும் கழற்றுமுன் இந்தப் பல்ப்பைப் பாருங்கள்.

சாவியைத் திறந்ததும், எஞ்சின் ஓடாத நிலையில், விளக்கு எரியவேண்டும். எரியாவிட்டால் பல்ப் போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், அல்ரனேற்றரின் பின்புறத்துப் பிளக் கழன்றிருக்கலாம், அல்லது பிறஷ் தேய்ந்து முடிந்திருக்கலாம். எஞ்சினை ஓட்டி வேகத்தைச் சற்றுக் கூட்டியதும் விளக்கு முழுவதாக அணையவேண்டும். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் மின் பிறக்கவில்லை. முதலில் பெல்ற்றைப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் டயோட்டுகளில் ஒன்றிரண்டு போயிருக்கலாம். சாவியைப் பூட்டிய பின்னும் விளக்கு எரிந்தால் டயோட் ஒன்று இரு பக்கமும் திறந்த கதவாகிவிட்டது. அந்த வழியே இரவிரவாகப் பற்றரி வடியும். அப்படிக் கண்டால் அன்றிரவே பற்றரியின் ஏர்த் வயரைக் கழற்றிவையுங்கள்.

அடுத்து வேண்டியது ஒரு மல்ரிமீற்றர். ஒவ்வொரு குடும்பமும் வாங்கவேண்டியதில்லை, கமக்காரர் அமைப்பில் ஒன்று இருந்தால் ஊருக்கே போதும். இரவு முழுவதும் நின்ற இயந்திரத்தில் பற்றரியை அளந்தால் 12.6 வோல்ற் அளவில் இருக்கவேண்டும். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய வெறுமை. பின்னர் எஞ்சினை ஓட்டி, வேகத்தைக் கூட்டி, பற்றரியிலேயே அளவுங்கள். 13.8 இற்கும் 14.4 இற்கும் இடையில் நின்றால் அல்ரனேற்றரில் குறையில்லை, பற்றரியைச் சந்தேகிக்கலாம். 13ஐத் தாண்டாவிட்டால் மின் ஏறவில்லை. 15ஐயும் தாண்டினால் மின்னை அளவோடு வைத்திருக்கும் றெகுலேற்றர் பழுது. அப்போது பற்றரி நீர் கொதித்து வற்றும். அடிக்கடி தண்ணீர் விடவேண்டியிருக்கிறதே என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க.

பெல்ற்றின் நீளமான பக்கத்தின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்கவேண்டும். அதிகம் இறங்கினால் வழுக்கும், இறங்காவிட்டால் பெயரிங் தேயும். பற்றரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். ஏர்த் வயர் எஞ்சினைத் தொடும் இடத்தில் துருவையும் பெயின்ரையும் சுரண்டி இறுக்குங்கள். இந்த மூன்றோடு பழுது தீர்ந்த இயந்திரங்கள் பல.

கழற்றிப் பார்த்தல்

முதலில் பற்றரியின் ஏர்த் வயரைக் கழற்றுங்கள். ஸ்பனர் தவறுதலாக இரு பக்கமும் தொட்டால் கை வேகும். பக்கத்தில் பீடி சுருட்டு வேண்டாம், பற்றரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும்.

பழைய லூக்காஸ் ஏசிஆர் வகையில் பிறஷ்களைப் பார்க்க அல்ரனேற்றரைப் பிளக்கவே தேவையில்லை. பின்புறத்துக் கறுப்பு மூடியைக் கழற்றினால் பிறஷ் பெட்டி தெரியும். இரண்டு திருகாணிகளை எடுத்ததும் கையோடு வரும். பிறஷ் பெட்டிக்கு வெளியே 5 மில்லிமீற்றருக்குக் குறைவாகத் தெரிந்தால் மாற்றவேண்டும். புதிதில் அது அரை அங்குல நீளம். சில வேளைகளில் பிறஷ் தேய்ந்திராது, சேறும் காபன் தூளும் சேர்ந்து பெட்டிக்குள் இறுகியிருக்கும். பெற்றோல் தொட்ட துணியால் துடைத்து, விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் தள்ள இலகுவாக முன்னே வரவேண்டும்.

பிறஷ் உரசும் செம்பு வளையங்களையும் பாருங்கள். ஆண்டுக்கணக்காகக் கைவிடப்பட்டு நின்ற இயந்திரத்தில் அவை பச்சை பூத்துக் கறுத்திருக்கும். மிக மெல்லிய அரத்தாளால் மெதுவாகத் தேய்த்து, பெற்றோல் துணியால் துடையுங்கள். எமறித் தாள் கூடாது. அதன் துகள் செம்பில் பதிந்து புதிய பிறஷையும் தின்றுவிடும். வளையத்தில் பள்ளம் விழுந்திருந்தால் கடைசல்காரரிடம் கொடுக்கவேண்டும்.

இன்னும் ஆழமாகப் போகவேண்டுமானால் பிளக்கலாம். முன்பக்கமும் பின்பக்கமும் சேரும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிவிட்டுப் பிளந்தால், திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது. கப்பியின் நட்டைக் கழற்ற, பழைய பெல்ற் துண்டைக் கப்பியில் சுற்றி அதை வைஸில் பிடியுங்கள். இரண்டு வளையங்களுக்கும் நடுவில் மீற்றரை வைத்தால் இந்த லூக்காஸ் வகைகளில் 3 முதல் 4.5 ஓம் வரை காட்டவேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. மனம் தளரவேண்டாம், அநேகமாக அது வளையத்தோடு சேரும் பற்றாசில்தான் விட்டிருக்கும், திரும்பப் பற்றவைக்கலாம். வளையத்துக்கும் நடு இரும்புக்கும் தொடர்பு காட்டினால் அந்த றோட்டர் சரிவராது.

டயோட்டுகளைச் சோதிக்க, அவற்றோடு சேரும் மூன்று சுருள் வயர்களையும் விடுவித்து, ஒரு சிறிய 12 வோல்ற் பல்ப்போடு பற்றரி மின்னைக் கொடுங்கள். ஒரு பக்கமாகக் கொடுத்தால் பல்ப் எரியவேண்டும், மாற்றிக் கொடுத்தால் எரியக்கூடாது. இருபக்கமும் எரிந்தாலும் ஒருபக்கமும் எரியாவிட்டாலும் பழுது. பெரியவை ஆறு, சிறியவை மூன்று. தனித்தனியே தேடி அலைவதிலும் பார்க்கத் தொகுதியாகப் போடுவதே நல்லது. பற்றவைக்கும்போது டயோட்டின் காலைக் குறட்டால் பிடித்துக்கொள்ளுங்கள். சூடு குறட்டுக்குப் போகும், டயோட் தப்பும். றெகுலேற்றர் மூடி அடைக்கப்பட்ட பொருள், அதைத் திருத்த முயலவேண்டாம். பெயரிங் இரைந்தால் அதில் பொறித்திருக்கும் இலக்கத்தைக் காட்டி வாங்குங்கள். இவ்வகை லூக்காஸில் வளையம் பின்பெயரிங்குக்கு வெளியே இருப்பதால், வளையத்தின் பற்றாசை இளக்கி அதை எடுத்த பின்னரே பெயரிங் வரும். இழுத்து உடைத்துவிடாதீர்கள்.

எப்போது திருத்துவது, எப்போது மாற்றுவது? என் அபிப்பிராயம் இது. பிறஷ், பல்ப், பெல்ற், வயர், பெயரிங் ஆகியவை வீட்டு வேலை. டயோட்டும் றெகுலேற்றரும் பாகம் கிடைத்தால் செய்யத் தக்கவை. வெளிச் சுருள் கருகி மணத்தால், அல்லது றோட்டர் இரும்போடு தொட்டால், புதிய கம்பி சுற்றக் கொடுக்கும் கூலியை நல்ல பாவித்த அல்ரனேற்றர் ஒன்றுக்குக் கொடுப்பதே இலாபம். 2022 இல் ரூபாய் வீழ்ந்த பின்னர் ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் விலையும் வேறு கணக்காகிவிட்டது. ஆகவே கூலியையும் பாகத்தையும் சேர்த்துக் கேட்ட பின்னரே வேலையைக் கொடுங்கள்.

டைனமோவை எடுத்துவிட்டு அல்ரனேற்றர் பூட்டுபவர்களுக்கு

இது நல்ல மாற்றம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது. டைனமோ இருந்த பழைய ஆங்கிலேய இயந்திரங்கள் பலவற்றில் பற்றரியின் நேர் முனையே இரும்புச் சட்டத்தோடு தொடுக்கப்பட்டிருந்தது. லூக்காஸ் ஏசிஆரும் இன்று கிடைக்கும் ஜப்பான் வாகன அல்ரனேற்றர்களும் மறை முனையையே சட்டத்தில் எதிர்பார்க்கின்றன. பழைய முறைப்படியே பூட்டினால் தொட்ட கணத்தில் டயோட்டுகள் எரிந்துவிடும். முதலில் பற்றரியைத் திருப்பித் தொடுங்கள். பழைய றெகுலேற்றர்ப் பெட்டியை இணைப்பிலிருந்து விடுவியுங்கள், அல்ரனேற்றருக்கு அது தேவையில்லை. பெரிய முனையிலிருந்து பற்றரிக்குப் போகும் வயர் தடித்ததாக இருக்கவேண்டும். 11 அம்பியருக்குப் போட்ட வயரில் 36 அம்பியர் ஓடினால் உறை உருகும்.

கப்பியையும் கவனியுங்கள். கார் எஞ்சின் வேகமாகச் சுற்றுவது. மசி பேர்கசன் 135இன் எஞ்சின் உச்ச வேலையிலும் நிமிடத்துக்கு 2,250 சுற்று அளவுதான். கார் அல்ரனேற்றரை அதன் பெரிய கப்பியோடு பூட்டினால் மெதுவோட்டத்தில் மின் ஏறாது. இயன்றவரை சிறிய கப்பி போடுங்கள், அது விசிறிக் கப்பியோடு ஒரே நேர்கோட்டில் நிற்கட்டும். ஜப்பான் வகை சிலவற்றில் பிளந்து திரும்பப் பூட்டும்போது பிறஷ்கள் முன்னே துருத்தி வழிமறிக்கும். பின்புறத்திலுள்ள சிறு துளையால் சைக்கிள் கம்பித் துண்டொன்றைச் செலுத்தி அவற்றை உள்ளே பிடித்து வைத்து, பூட்டிய பின் கம்பியை இழுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கும், பின்னர் வன்னிக்குள் இடம்மாறி மாறி அலைந்தவர்களுக்கும், உழவு இயந்திரப் பெட்டியும் அதன்மேல் கட்டிய படங்குமே வீடாக இருந்தன. இரவில் பற்றரியைக் கழற்றிக் கொட்டிலுக்குள் வைத்து விளக்கெரிப்பதும், விடிய எழும்பித் திரும்பப் பூட்டுவதும் அந்நாளின் வழக்கம். மின்னிணைப்பு வராத கொட்டில்களில் அது எளிதில் விட்டுப்போகும் வழக்கமல்ல. இருட்டில் அவசரமாகப் பூட்டும்போது நேரும் மறையும் மாறினால் ஒன்பது டயோட்டுகளும் ஒரு நொடியில் போகும். நேர் வயரில் ஒரு சிவப்புத் துணித் துண்டை இறுக்கிக் கட்டிவிடுங்கள். எல்.ஈ.டி. பல்ப் ஒன்று 5 வாற் என்றால் பத்து மணிநேரத்துக்கு 4 அம்பியர் மணிதான் எடுக்கும், பற்றரிக்கு அது தாங்கும். பழைய கார் பல்ப்புகளை இரவிரவாக எரிப்பது தாங்காது.

எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் டைனமோக் காலத்தில் வந்தது. அல்ரனேற்றரில் அப்படிச் செய்தால் வோல்ற் திடீரென எகிறி டயோட்டும் றெகுலேற்றரும் போய்விடும். பெட்டிக்கோ சட்டத்துக்கோ மின்னொட்டு வேலை செய்யுமுன் அல்ரனேற்றரின் வயர்களைக் கழற்றிவிடுங்கள். சேற்றுழவு முடிந்து கழுவும்போது தண்ணீர்க் குழாயை அல்ரனேற்றருக்கு நேரே பிடிக்காதீர்கள்.

விட்டுவந்த காணியில் நின்ற இயந்திரத்தை மீட்கப் போகிறவர்கள், மிதிவெடி அகற்றப்பட்டு அனுமதி கிடைத்த பின்னரே அதன் அருகே செல்லவேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஸ்ராட் எடுக்க அவசரப்படாதீர்கள். பெல்ற்றைத் தளர்த்தி அல்ரனேற்றரின் கப்பியைக் கையால் சுற்றிப் பாருங்கள். காற்றுத் துளைகளில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், ஈர்க்கால் கிளறி எடுங்கள். எலி கடித்த வயர்களைத் தேடுங்கள். கப்பி இறுகி நின்றால் பெயரிங்கை மாற்றும்வரை பெல்ற்றைப் போடவேண்டாம். இந்த எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பியையும் விசிறியையும் சுற்றுவது அதே பெல்ற்தான். அல்ரனேற்றர் இறுகிப் பெல்ற் அறுந்தால் எஞ்சின் சூடேறிச் சிலிண்டர்த் தலை வெடிக்கும்.